பழைய கார் விற்பனைக்கு! எங்கே விளம்பரம் செய்வது?



நாம ஆட்டோமொபைல் படிக்கிறோம்னு தெரு முழுக்கத் தெரிஞ்சா போதும். கார் வாங்குறவங்க, விக்கிறவங்க, ஸ்டார்ட் ஆகாம நிக்கிறவங்க எல்லோரும் நம்ம வீட்டுக் கதவைத்தான் தட்டுவாங்க. கிளட்ச், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் என்று மூன்று வருடம் படிக்கிறோம். ஆனால் "இந்தக் காரை எங்கே சொன்னா நல்ல விலைக்குப் போகும்?" என்று ஒருவர் கேட்டால், நம்ம பாடத்திட்டத்தில் அதற்கு ஒரு யூனிட்டும் கிடையாது!

இந்தக் கேள்வி சின்னக் கேள்வி இல்லை. நம்மைப் போன்ற குடும்பங்களில் வீடு, நகைக்கு அடுத்தபடியாகப் பெரிய சொத்து என்றால் அந்தக் கார்தான். ஆசைக்காக அதை விற்பவர்கள் குறைவு. கல்லூரிக் கட்டணம், ஆஸ்பத்திரிச் செலவு, கல்யாணம் என்று ஏதோ ஒரு நெருக்கடியில்தான் பெரும்பாலும் விற்கிறார்கள். அந்த நேரத்தில் ஐந்து ஆயிரம், பத்து ஆயிரம் கூடுவதும் குறைவதும் பெரிய விஷயம். ஆகவே போன கோடை விடுமுறையில் நான் பார்த்ததையும், படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இந்த மலருக்கு ஒரு பாடமாகவே எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் பொருளாதாரம்

பழைய காரை வைத்தே ஒருவர் நோபல் பரிசு வாங்கியிருக்கிறார் என்றால் நம்புவீர்களா? ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970-ல் பழைய கார் சந்தையை உதாரணமாக வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார். வெளியே பளபளன்னு இருந்து உள்ளே கோளாறு நிறைந்த காருக்கு அந்த ஊரில் 'லெமன்' என்று பெயர். அவர் கட்டுரையை முதலில் மூன்று பத்திரிகைகள் திருப்பி அனுப்பின. நாலாவது பத்திரிகைதான் வெளியிட்டது. 2001-ல் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் சேர்த்து அவருக்கு நோபல் கிடைத்தது.

அவர் சொன்னது இதுதான். ஒரே மாடல் கார் இரண்டு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல காரின் மதிப்பு 3 லட்சம். கோளாறான காரின் மதிப்பு ஒன்றரை லட்சம். எது நல்லது என்று விற்கிறவருக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. ஆகவே அவர் நடுவில், அதாவது 2,25,000 தான் தருவேன் என்பார். நல்ல கார் வைத்திருப்பவர் "இந்த விலைக்கு நான் ஏன் விக்கணும்?" என்று வீட்டுக்குப் போய்விடுவார். கோளாறு கார்க்காரர் மட்டும் சந்தோஷமாக நிற்பார். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது லெமன் மட்டும்.

இதற்கும் விளம்பரத்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது. பழைய கார் விற்பனையில் நாம் காருக்கு மட்டும் விலை வாங்குவதில்லை; நம்பிக்கைக்கும் சேர்த்துத்தான் வாங்குகிறோம். வாங்குகிறவருடைய சந்தேகம் எந்த இடத்தில் குறைவோ அந்த இடத்தில் விலை கூடும். ஆயிரம் பேர் பார்க்கும் இடம் ஒன்று, பத்து பேர் பார்த்தாலும் அந்தப் பத்து பேரும் நம்மை அறிந்த இடம் ஒன்று. இந்த இரண்டில் எது வேண்டும் என்பது விற்கிற காரைப் பொறுத்தது. என் பாடம் முழுவதும் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும்.

மூன்று வழிகள்

காரைக் கைமாற்ற மூன்று வழி உண்டு.

ஒன்று, எக்ஸ்சேஞ்ச். புதுக் கார் வாங்கும் கடையிலேயே பழசைக் கொடுத்துவிடுவது. மாருதியின் 'ட்ரூ வேல்யூ' 2001-லிருந்தே இதைச் செய்கிறது. புதுக் கார் வாங்குகிறவருக்குச் சுலபம். பணம் தேவைப்பட்டு விற்கிறவருக்கு உதவாது.

இரண்டு, நம்ம ஊர் கார் கன்சல்டிங், அல்லது வீட்டுக்கே ஆள் அனுப்பிக் காரைப் பார்த்து விலை சொல்லும் கம்பெனிகள். ஓரிரு நாளில் பணம் கைக்கு வரும். ஆனால் அவர் வாங்கி, டிங்கரிங் பெயிண்டிங் பார்த்து, கடையில் நிறுத்தி, வாடகை கொடுத்து, லாபம் வைத்து விற்க வேண்டும். ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்த வியாபாரி, வாங்கின விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தில் 18 சதவீதம் வரி கட்ட வேண்டும் என்று 2024 டிசம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவு செய்தது. இதெல்லாம் நமக்குத் தரும் விலையில்தான் கழியும். அதை ஏமாற்று என்று சொல்லக் கூடாது. அவர் உழைப்புக்கும் முதலுக்கும் அது கூலி.

மூன்று, நாமே நேராக ஒரு குடும்பத்துக்கு விற்பது. தனி ஆள் தனி ஆளுக்கு விற்றால் அந்த ஜி.எஸ்.டி. கிடையாது, நடுவில் யாருக்கும் லாபமும் இல்லை. ஆனால் வாங்குகிற ஆளை நாமேதான் தேட வேண்டும். விளம்பரம் வேண்டியது இந்த மூன்றாவது வழிக்குத்தான்.

விளம்பர இடங்கள் – ஒவ்வொன்றாக

1. செய்தித்தாள் வரி விளம்பரம்: ஒரு காலத்தில் இதுதான் ராஜா. 'தி இந்து' நாளிதழின் முதல் பக்கத்திலேயே 1958 வரை செய்திக்குப் பதில் விளம்பரங்கள்தான் இருந்தன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! இன்று செல்போன் வந்து அந்தப் பக்கங்கள் மெலிந்துவிட்டன. இருந்தாலும் டீக்கடையிலும் சலூனிலும் தமிழ்ப் பேப்பரை வரி விடாமல் படிப்பவர்கள் இருக்கிறார்கள். தோட்டம் துரவு வைத்திருப்பவர், ஓய்வு பெற்றவர், இணையத்தில் தேடிப் பழக்கமில்லாதவர் இவர்களைப் பிடிக்க இன்றும் இதுதான் வழி. காசு உண்டு, ஆகவே நம்ம மாவட்டப் பதிப்பில் மட்டும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொடுத்தால் போதும்.

2. இணையதளங்கள்: ஓ.எல்.எக்ஸ்., கார்வாலே, ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் போன்றவை. ஓ.எல்.எக்ஸ். 2006-ல் தொடங்கியது, அதன் இந்தியத் தொழிலை 2023-ல் கார்ட்ரேட் நிறுவனம் வாங்கியது. இங்கே படம் போடலாம், விலையை மாற்றலாம், ஊர் தாண்டியும் ஆள் வரும். கூட்டம்தான் இதன் பலம். அந்தக் கூட்டத்தில் யார் யார் என்று தெரியாததுதான் பலவீனம். புரோக்கர்களும் இங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள், மோசடிக்காரர்களும் இங்கேதான்.

3. வாட்ஸ்அப் குழுக்கள்: ஒரு குழுவில் 1024 பேர் வரை இருக்கலாம். தெருக் குழு, பழைய மாணவர் குழு, ஆபீஸ் குழு, அபார்ட்மெண்ட் குழு எல்லாம் இருக்கின்றன. இங்கே ஒரு நன்மை என்னவென்றால், நம்மை அறிந்த ஒருவராவது அதில் இருப்பார். "அவரா? நல்ல மனுஷன், வண்டியை நல்லா வெச்சிருப்பார்" என்று ஒருவர் ஒரு வரி போட்டால், அது பத்து படத்துக்குச் சமம். ஆனால் கார் வாங்க விற்க என்றே இருக்கும் பெரிய குழுக்களில் இந்த நன்மை கிடையாது. அவை இணையதளம் மாதிரிதான்.

4. மெக்கானிக்: என் கணக்கில் இவருக்கு முதல் மார்க். கார் வாங்கப் போகிற எவரும் முதலில் தன் மெக்கானிக்கிடம்தான் "அண்ணே, ஒரு வண்டி இருந்தா சொல்லுங்க" என்பார். நம்ம வண்டியை அஞ்சாறு வருஷமாகப் பார்த்த மெக்கானிக் "இது என் கை வண்டி" என்று சொன்னால், அகர்லாஃப் சொன்ன சந்தேகம் பாதி அங்கேயே கரைந்துவிடும். விற்றுக் கொடுத்தால் அவருக்கு ஒரு தொகை கொடுப்பது ஊர் வழக்கம். அதை முன்னாலேயே பேசி வைப்பது நல்லது.

5. டிரைவிங் ஸ்கூல்: இதைப் பலர் யோசிப்பதே இல்லை. கார் ஓட்டப் பழகுகிறவர்களில் பலருக்கு அடுத்த தேவை என்ன? 'கை பழக ஒரு பழைய சின்னக் கார்'தானே! அங்கே சுவரில் ஒரு தாள் ஒட்ட அனுமதி கேட்டால் அநேகமாகத் தருவார்கள்.

6. நோட்டீஸ் போர்டு: மில், பேங்க், பள்ளிக்கூடம், குடியிருப்பு ஆகியவற்றின் பலகைகள். பார்ப்பவர்கள் குறைவு. ஆனால் மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள், கடன் கிடைக்கக்கூடியவர்கள், முகவரி தெரிந்தவர்கள்.

7. காரே விளம்பரம்: பின் கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்று எழுதி போன் நம்பர் போடுவது. செலவு ஒரு தாள், கொஞ்சம் பசை. கார் ஓடுகிற தெருவெல்லாம் விளம்பரம். பார்க்கிறவர் காரையே பார்த்துவிடுகிறார் என்பது இதன் சிறப்பு. கார் வீட்டிலேயே நின்றால் பயனில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

எந்தக் காருக்கு எந்த இடம்?

மருந்து ஒன்றுதான், ஆனால் எல்லா நோய்க்கும் ஆகாது இல்லையா? அது மாதிரிதான் இதுவும்.

ஆல்டோ, வேகன்-ஆர், சான்ட்ரோ போன்ற சின்னப் பெட்ரோல் கார்கள்: இவற்றை வாங்குகிறவர் பெரும்பாலும் முதல் முறை கார் வாங்குபவர். அவருக்குப் பயம் அதிகம். 300 கிலோமீட்டர் தாண்டி வந்து வாங்க மாட்டார். ஏனென்றால் அதே மாதிரி கார் அவர் ஊரிலேயே கிடைக்கும். ஆகவே நெருங்கின இடங்களே நல்லது. மெக்கானிக், டிரைவிங் ஸ்கூல், வாட்ஸ்அப், நோட்டீஸ் போர்டு.

இன்னோவா, பொலேரோ போன்ற பெரிய டீசல் வண்டிகள்: டிராவல்ஸ்காரர்களும் பெரிய குடும்பங்களும் தேடுவார்கள். டாக்ஸி ஸ்டாண்டில் ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம். சொந்த உபயோக வண்டியை வாடகை வண்டியாக மாற்றுவதானால் அதற்குத் தனி நடைமுறை உண்டு. அது வாங்குகிறவர் பொறுப்பு என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

அம்பாசடர், பிரீமியர் பத்மினி, பழைய ஜீப்: அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. இனி இவற்றை ஆசைக்காகத்தான் வாங்குவார்கள். அந்த ஆசைக்காரர் நம்ம ஊரில் ஒருவர்கூட இல்லாமல் போகலாம். நாகர்கோவிலில் இருக்கலாம், கொச்சியில் இருக்கலாம். அவர் தூரத்தைப் பார்க்க மாட்டார். ஆகவே இதற்கு இணையமும் பழைய கார் ஆர்வலர் குழுக்களும்தான் சரி. உள்ளூரில் சொன்னால் இரும்புக் கடை விலைக்குத்தான் கேட்பார்கள்!

விலை உயர்ந்த வெளிநாட்டுக் கார்: சின்ன ஊரில் வாங்க ஆள் இல்லை. பெரிய நகரத்தை நோக்கி இணையத்தில் போடுவது, அல்லது அந்த வகை கார்களையே விற்கும் டீலரிடம் போவது.

15 வருடம் முடியப்போகும் கார்: ஆர்.சி.யைப் புதுப்பித்தால் 5 வருடத்துக்குக் கிடைக்கும். ஆனால் 2022 ஏப்ரலில் காருக்கான புதுப்பித்தல் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. வாங்குகிறவர் இந்தச் செலவையும் அலைச்சலையும் விலையில் கழித்துத்தான் கேட்பார். இதை மறைத்து விளம்பரம் செய்தால், வந்து பார்க்கிறவர் முதல் நிமிஷத்திலேயே திரும்பிப் போவார். வாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவுத் தேதியும் இன்சூரன்ஸ் விவரமும் வந்துவிடுகிற காலம் இது.

மாமாவின் வேகன்-ஆர்

இப்போது என் கண்ணால் பார்த்த கணக்கு. பொள்ளாச்சியில் என் தாய்மாமா 2014 மாடல் வேகன்-ஆர் வைத்திருந்தார். 62,000 கிலோமீட்டர், ஒரே ஓனர். மாமா பெண்ணுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. ஒரு மாதத்துக்குள் பணம் கட்ட வேண்டும். "ஏங்கண்ணு, நீ வண்டிப் படிப்புத்தானே படிக்கிற, இதைக் கொஞ்சம் பாரு" என்றார். கன்சல்டிங்கில் 2,10,000 கேட்டிருந்தார்கள். "அவசரத்துக்குக் குடுத்துரலாமா?" என்று அவருக்கு யோசனை. "ஒரு மூணு வாரம் டைம் குடுங்க மாமா, ஆகலைன்னா அங்கேயே குடுத்துரலாம்" என்று சொல்லி, ஒரு நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தேன்.

ஒரே நாளில் மூன்று இடத்தில் சொன்னோம். ஒவ்வொரு போன் வந்ததும் "எங்க பார்த்தீங்க?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். பதினொரு நாள் கணக்கு இதோ:

இணையம்: 43 போன். அதில் 26 பேர் புரோக்கர் அல்லது கன்சல்டிங். 12 பேர் "சார், லாஸ்ட் எவ்ளோ சார்?" என்று கேட்டதோடு சரி. நேரில் வந்தவர்கள் 5 பேர். வாங்கியவர் இல்லை.

தமிழ்ப் பேப்பர், ஒரு ஞாயிறு: 6 போன். நேரில் வந்தவர்கள் 2 பேர். ஒருவர் 2,35,000 வரை கேட்டார்.

மெக்கானிக் அண்ணனும் அத்தையின் பள்ளி வாட்ஸ்அப் குழுவும்: 4 போன். நேரில் வந்தவர்கள் 3 பேர். அதில் ஒரு டீச்சர் 2,55,000-க்கு வாங்கிக்கொண்டார்.

கன்சல்டிங் விலையைவிட 45,000 அதிகம். வாட்டர் சர்வீஸ், பாலீஷ், விளம்பரம், மெக்கானிக்குக் கொடுத்தது, ஓட்டிக் காட்டின பெட்ரோல் எல்லாம் சேர்த்து 5,000 போனாலும் 40,000 மிச்சம். முதல் வருஷ ஹாஸ்டல் பணத்துக்கு அது ஆச்சு என்று அத்தை சொன்னார்.

ஒரு காரின் கணக்கு எல்லாக் காருக்கும் விதி ஆகாது. இதே கணக்கை ஒரு பழைய ஜீப்புக்குப் போட்டிருந்தால் விடை தலைகீழாக வந்திருக்கும். நான் சொல்ல வருவது, எத்தனை போன் வந்தது என்று எண்ணாதீர்கள், எத்தனை பேர் நேரில் வந்தார்கள் என்று எண்ணுங்கள் என்பதுதான். அதோடு இணையத்தில் போட்டது முழுக்க வீண் என்றும் சொல்ல மாட்டேன். அங்கே இதே மாடல் கார்களுக்கு என்ன விலை போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் எங்கள் விலையை முடிவு செய்தோம். புதுக் காரின் இன்றைய விலையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதம் ஆனது; புதுசு விலை இறங்கினால் பழசு விலை நிற்குமா?

விளம்பரத்தில் என்ன எழுதுவது?

'சூப்பர் கண்டிஷன்', 'ஷோரூம் பீஸ்', 'டாக்டர் வண்டி' என்றெல்லாம் எழுதுவதில் காசுக்குப் பிரயோஜனம் இல்லை. லெமன் வைத்திருப்பவரும் இதையேதான் எழுதுவார்! பொய்யாகக் காட்ட முடியாத விஷயங்களை எழுதுவதுதான் பலன் தரும். நாங்கள் போட்டது இது:

"மாருதி வேகன்-ஆர், 2014, பெட்ரோல், 62,000 கி.மீ., ஒரே ஓனர், பொள்ளாச்சிப் பதிவு. சர்வீஸ் பில்கள் முழுதும் உண்டு. கடன் இல்லை. ஏசி நன்றாக உள்ளது. இடது பின் கதவில் கீறல். முன் டயர் இரண்டும் மாற்ற வேண்டும். விலை ரூ.2,70,000. மாலை 5 மணிக்கு மேல் நேரில் பார்க்கலாம்."

கீறலையும் டயரையும் எழுதினதைப் பார்த்து மாமா, "ஏன் கண்ணு, நாமளே குறையைச் சொல்லலாமா?" என்றார். வாங்கின டீச்சர் என்ன சொன்னார் தெரியுமா? "அதை எழுதியிருந்ததாலதான் மத்ததையும் நம்பி வந்தேன்" என்றார்! மீட்டரைத் திருப்புகிற காலத்தில் கிலோமீட்டரை நிரூபிப்பது சர்வீஸ் பில்தான். ஆகவே இன்று கார் வைத்திருப்பவர்கள் பில்களைத் தூக்கிப் போடாதீர்கள்.

எச்சரிக்கை! எச்சரிக்கை!

இணையத்தில் போட்ட மறுநாள் மாமாவுக்கு ஒரு போன். தான் ராணுவத்தில் இருப்பதாகவும், காரைப் பார்க்காமலே வாங்கிக்கொள்வதாகவும், அட்வான்ஸ் அனுப்ப ஒரு கியூ.ஆர். கோடு அனுப்புவதாகவும் ஒருவர் இந்தியில் பேசினார். "இதை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, பணம் வரும்" என்றார். நண்பர்களே, யு.பி.ஐ.யில் பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பின் நம்பர் போட்டால் பணம் போகும், வராது. மாமா போனை வைத்துவிட்டார். யாராவது மாட்டிக்கொண்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் புகார் சொல்லச் சொல்லுங்கள்.

ஆர்.சி., ஆதார் படங்களை விளம்பரத்திலோ குழுவிலோ போடாதீர்கள். அதே படத்தைக் காட்டி இன்னொருத்தன் உங்கள் காரை விற்பதாகச் சொல்லி அட்வான்ஸ் வாங்கிவிடுவான். ஓட்டிப் பார்க்க வருகிறவரின் லைசென்ஸைப் பார்த்துவிட்டு, நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாவியைக் கொடுக்க வேண்டும். முழுப் பணம் வங்கியில் ஏறின பிறகுதான் கார் வாசலைத் தாண்ட வேண்டும்.

விற்ற பிறகு ஒரு முக்கிய பாடம்

எங்கே விளம்பரம் செய்கிறோம் என்பது, காரை யார் எடுத்துப் போகிறார்கள் என்பதையும் தீர்மானிக்கிறது. ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், ஆர்.சி.யில் பெயர் மாறும் வரை சட்டத்தின் கண்ணில் காரின் சொந்தக்காரர் நாம்தான். பல கை மாறின ஒரு கார் 2009-ல் விபத்தில் ஒரு குழந்தையின் உயிரைக் குடித்தது. ஆர்.சி.யிலோ முதலில் விற்றவர் பெயரே இருந்தது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. "எப்பவோ வித்துட்டேனே" என்பது செல்லவில்லை! முகவரி தெரிந்தவருக்கு விற்பதின் அருமை இங்கே புரியும். புரோக்கர் கையில் வெறும் கையெழுத்துப் போட்ட படிவத்தைக் கொடுத்துவிட்டு வரும் பழக்கத்தை நம்ம பெரியவர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டியது நம்ம கடமை.

செய்ய வேண்டியவை:

– படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் முழு விவரம் எழுதி, இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

– கார் கடன் இருந்தால் முடித்து, ஃபைனான்ஸ் கம்பெனியிடம் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் வாங்கி, ஆர்.சி.யில் அந்தப் பெயரை நீக்கின பிறகே விளம்பரம்.

– வெளி மாநிலத்தவர் வாங்கினால் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று வேண்டும். அலைச்சல் கூடும், அதை விலை பேசும்போதே யோசிக்க வேண்டும்.

– இன்சூரன்ஸை வாங்கியவர் பெயருக்கு 14 நாளுக்குள் மாற்ற வேண்டும். விபத்தே இல்லாமல் ஓட்டினதற்குக் கிடைக்கும் தள்ளுபடி, அதாவது நோ கிளைம் போனஸ், ஓட்டினவருக்குச் சொந்தம், காருக்கு அல்ல. அதற்குச் சான்று வாங்கி வைத்தால் அடுத்த காருக்கு 50 சதவீதம் வரை பயன்படும்.

– ஃபாஸ்டேக்கை மூடிவிட வேண்டும். இல்லையென்றால் அவர் திருப்பதி போவார், சுங்கம் நம்ம கணக்கில் கழியும்!

– கன்சல்டிங்குக்கே கொடுப்பதானாலும், 2023 ஏப்ரலிலிருந்து பழைய வண்டி டீலர்கள் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதி வந்திருக்கிறது. அங்கீகாரம் பெற்றவரிடம் காரை ஒப்படைத்து இணையத்தில் பதிந்துவிட்டால் பொறுப்பு அவருக்குப் போய்விடும். ஆகவே சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள்.

யாராவது கேட்டால் கேட்க வேண்டிய ஐந்து கேள்வி

இனி தெருவில் யாராவது "காரை எங்கே போடலாம் தம்பி?" என்றால், உடனே ஒரு இணையதளத்தின் பெயரைச் சொல்லிவிடாமல் இந்த ஐந்தையும் கேளுங்கள்.

1. இந்த மாதிரிக் காரை யார் வாங்குவார்?
2. அவர் காரைத் தேடி எங்கே போவார்? யாரைக் கேட்பார்?
3. அவர் உங்களை நம்ப, அந்த இடத்தில் என்ன ஆதாரம் இருக்கிறது?
4. பணம் எத்தனை நாளுக்குள் வேண்டும்?
5. ஆர்.சி., இன்சூரன்ஸ், கடன் எல்லாம் சரியாக இருக்கிறதா?

நாலாவது கேள்விக்குப் பதில் 'மூணு நாள்' என்றால், கன்சல்டிங்குக்கே போகச் சொல்லுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. மூன்று வாரம் என்றால் நெருங்கின இடத்தில் தொடங்கி, வாரத்துக்கு ஒரு வட்டம் அகலமாகப் போகச் சொல்லுங்கள்.

கடைசியாக நமக்கே ஒரு வார்த்தை. ஊரில் "அந்த ஆட்டோமொபைல் தம்பி பார்த்துச் சொன்னாப்ல, வண்டி நல்லா இருக்காம்" என்று நாலு பேர் பேசினால், அதைவிடப் பெரிய விளம்பர இடம் இல்லை. நம்ம வாயே ஒரு நோட்டீஸ் போர்டுதான் நண்பர்களே! இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கிக்கொண்டு ஒரே ஒரு லெமனை நல்ல கார் என்று சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு நம்மகிட்டே யாரும் கேட்க மாட்டார்கள். டிப்ளமோ வாங்கினவன் சொல் என்று இந்த ஊர் வைத்திருக்கும் மரியாதையை நமக்குப் பின்னால் வரும் ஜூனியர்களுக்கும் அப்படியே கொடுத்துவிட்டுப் போவோம்.

– மூன்றாமாண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு